புள்ளி உதிர்ந்த எழுத்தும் பிழை திருத்தும் நொதிகளும்

அரபு எழுத்துகளை முதன்முதலாகக் கற்க வரும் மாணவர்கள் ஓரிடத்தில் சற்றே தயங்கி நிற்பதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் முதலிலோ இடையிலோ வரும்பொழுது ஒரே பல் போன்ற வடிவத்தைப் பெறுகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவன மேலும் கீழும் இடப்படும் புள்ளிகளே. புள்ளிகளை அகற்றிவிட்டால் வீட்டைக் குறிக்கும் 'பைத்', மகளைக் குறிக்கும் 'பின்த்', செடியைக் குறிக்கும் 'நப்த்' ஆகிய மூன்றும் ஒரே வரிவடிவமாகிவிடும்.

படியெடுப்போர் கையில் ஒரு புள்ளி இடம் மாறினாலோ உதிர்ந்தாலோ சொல்லே வேறாகிவிடும் இக்குறையை அறிஞர்கள் 'தஸ்ஹீஃப்' என்றழைத்தனர். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ அஹ்மத் அல்-அஸ்கரீ இப்பொருள் பற்றித் தனி நூலே இயற்றினார். படியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடும் 'முகாபலா' ஒரு துறையாகவே வளர்ந்தது. ஏட்டில் மை இருப்பதனால் மட்டும் நூல் நிலைப்பதில்லை. திருத்துவோர் இருப்பதனாலேயே நிலைக்கிறது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

நம் துறை அரபு இலக்கணமும் இலக்கியமுமே, உயிரியல் அன்று. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் பயின்று சென்ற மாணவர் ஒருவர் கையில் மருத்துவ அறிக்கையோடு நம்மைக் காண வந்தார். அவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் பெருங்குடலில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் பல இருந்தன. அண்ணனுக்கு அது புற்றாகவும் மாறியிருந்தது. பெற்றோர் இருவருக்கும் அந்நோய் இருந்ததில்லை. "ஹஸ்ரத், பிழை திருத்தும் மரபணுவிலேயே பிழை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?" என்று அவர் கேட்டார். மரபுச் செய்தி கல்லில் பொறித்த எழுத்தைப் போன்றது என்று வகுப்பில் பலமுறை உவமை சொல்லியிருந்த நம்மிடம் அன்று விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடிப் படித்தவற்றையே இங்கே தொகுத்துரைக்கிறோம். தேடல் நம்மை முதலில் மனிதரிடம் கொண்டுசெல்லவில்லை. நம் குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியாவிடமே கொண்டு சென்றது.

நான்கெழுத்து நூல்

உயிரினங்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. எனும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரண்டு முதுகிழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் செல்கின்றன. அவற்றிலிருந்து உள்நோக்கி நீளும் காரங்களே எழுத்துகள். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என எழுத்துகள் நான்கே. அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணையும். ஆகவே ஓர் இழையைக் கண்டால் மறு இழையை எழுதிவிடலாம். ஒவ்வொரு நூலும் தன் முகாபலாப் பிரதியைத் தன்னோடே வைத்திருக்கிறது எனலாம். ஈ.கோலியின் நூலில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்திணைகள் உள்ளன; மனிதனின் நூலில் ஏறத்தாழ 300 கோடி.

இந்த இரட்டை இழை அமைப்பு 1953இல் அறியப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பண்புகளைச் சுமந்து வரும் பொருள் மிகவும் உறுதியானதாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிவியலாளர் பலர் கருதினர். நம் கல்லெழுத்து உவமையும் அக்கருத்தின் நிழலே.

நூல் தானே சிதைகிறது

சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் இக்கருத்தை ஐயுற்றவர். 1960களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்.என்.ஏ. குறித்து ஆய்ந்தபோது, வெப்பத்தில் அது விரைவில் சிதைவதை அவர் கண்டார். அதன் நெருங்கிய உறவான டி.என்.ஏ. மட்டும் எவ்வாறு அழியாதிருக்கும் என்ற வினா அவரை விடவில்லை. நாடு திரும்பிய பின் எளிய சோதனைகளால் அதனை அளந்தார். கதிர்வீச்சோ நஞ்சோ வேண்டியதில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் நீரே எழுத்துகளைச் சிதைக்கப் போதும் என்று தெரியவந்தது. மனித உயிரணு ஒன்றில் நாளொன்றுக்குப் பல ஆயிரம் எழுத்துகள் இழையிலிருந்து கழன்று விழுகின்றன. 100 முதல் 500 வரையிலான சைட்டோசின்கள் வேறோர் எழுத்தாக உருமாறுகின்றன.

இக்கணக்கு உண்மையானால் நம் உடலில் பிழையற்ற ஏடு ஒன்றேனும் எஞ்சியிருக்க இயலாது. ஆனால் எஞ்சியிருக்கிறது. ஆகவே யாரோ இடையறாது திருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று லிண்டால் முடிவு செய்தார். அத்திருத்துநரை ஈ.கோலியில் தேடி, 1974இல் கண்டறிந்தார். 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

புள்ளி உதிர்ந்த சைட்டோசின்

சைட்டோசினின் விளிம்பில் அமினோத் தொகுதி ஒன்று உண்டு. நீரோடு வினைபுரிந்து அத்தொகுதி நீங்கி அவ்விடத்தில் ஆக்சிஜன் அமரும்போது சைட்டோசின் யுராசிலாகிவிடுகிறது. 'பின்த்' என்பதன் ஒரு புள்ளி இடம் மாறி அது வேறு சொல்லானதை இது ஒக்கும். யுராசில் தைமினைப் போல் நடந்துகொள்வதால், படியெடுக்கும் வேளையில் குவானின் வரவேண்டிய இடத்தில் அடினின் வந்து அமரும். அடுத்த படியில் பிழை இரு இழைகளிலும் உறுதியாகிவிடும். அதன் பிறகு எந்த ஒப்பீட்டாலும் அதனைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே திருத்தம் படியெடுப்புக்கு முந்தியாக வேண்டும்.

லிண்டால் கண்ட நொதி யுராசில் கிளைக்கோசைலேஸ் எனப்படும். அது முதுகிழையை வெட்டுவதில்லை. யுராசிலையும் சர்க்கரையையும் இணைக்கும் ஒரேயொரு பிணைப்பை மட்டும் அறுத்து, எழுத்தைத் தனியே விடுவிக்கிறது. வெற்றிடத்தைக் கண்டறிந்து முதுகிழையில் வெட்டிடுவது இரண்டாவது நொதி. எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை அமைப்பது மூன்றாவது. அறுந்த இழையைத் தைத்து மூடுவது நான்காவது. நால்வரும் முறை மாறாமல் பணி முடித்தபின், அங்கே பிழை இருந்ததற்கான தடமே இராது.

ஒரு நுட்பமான வினா இங்கே எழுகிறது. ஆர்.என்.ஏ.வில் யுராசில் ஓர் இயல்பான எழுத்து. டி.என்.ஏ.வில் மட்டும் அதற்குப் பதிலாகத் தைமின் இருப்பானேன்? தைமின் என்பது மீத்தைல் தொகுதி ஒன்றைக் கூடுதலாகப் பெற்ற யுராசிலே. அதனை ஆக்குவதற்கு உயிரணு வீணாக ஆற்றல் செலவிடுவதாகத் தோன்றும். ஆனால் டி.என்.ஏ.வில் யுராசிலும் முறையான எழுத்தாக இருந்திருந்தால், தன்னிடத்தில் நிற்கும் யுராசில் எது, சைட்டோசின் சிதைந்து வந்த யுராசில் எது என்று திருத்துநரால் பகுத்தறிய இயலாது. தைமினுக்கு ஒரு மீத்தைல் புள்ளியைச் சூட்டியதால், டி.என்.ஏ.வில் காணும் யுராசில் எதுவாயினும் அது அயலெழுத்து என்று உடனே தெரிந்துவிடுகிறது. திருத்துவோருக்கு வசதியாகவே இந்த அகரவரிசை அமைந்துள்ளது போலும்!

இதற்கு அழகிய சான்றொன்று உண்டு. ஈ.கோலியின் சில சைட்டோசின்களில் முன்பே மீத்தைல் தொகுதி இருக்கும். அவை சிதைந்தால் யுராசில் வாராது. முறையான தைமினே வரும். பிழைபட்ட சொல்லே பொருளுடைய வேறொரு சொல்லாக அமைந்துவிடும் தஸ்ஹீஃப் இது. கண்டுபிடிக்க மிகக் கடினமான வகை. ஜெஃப்ரி மில்லரும் உடனாய்வாளரும் 1978இல் ஆராய்ந்தபோது, மரபணுவில் மாற்றங்கள் குவியும் இடங்கள் இந்த மீத்தைல் சைட்டோசின்களாகவே இருந்தன. 1980இல் யுராசில் நீக்கும் நொதி இல்லாத பாக்டீரியாவை அவர் டங்கனோடு ஆராய்ந்தார். அங்கே சாதாரணச் சைட்டோசின்களும் அவ்வாறே பிழை குவியும் இடங்களாகியிருந்தன. பிழை எல்லா இடத்திலும் நிகழ்கிறது. திருத்துநரின் கண்ணில் படாத இடத்தில் மட்டும் தங்கிவிடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

சைட்டோசின் மிகுந்த நூலுக்கு இவ்வாபத்தும் மிகுதி. காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு 65க்கும் மேலான எழுத்துகள் குவானினும் சைட்டோசினுமே. அக்கிருமி நம் உடலின் காவல் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருந்து, அவை உமிழும் வேதிப்பொருள்களின் தாக்குதலையும் தாங்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வார்ஷ்னே, எம். விஜயன் ஆகியோரின் குழுக்கள் அக்கிருமியின் யுராசில் நொதியை ஆராய்ந்து, அதன் வடிவத்தையும் வெளியிட்டுள்ளன.

எழுத்தை வெளியே எடுத்துப் பார்க்கும் கண்

நொதிக்குக் கண் இல்லை. முறுக்கிய ஏணியின் உட்புறம் அடுக்கியிருக்கும் லட்சக்கணக்கான எழுத்துகளில் ஒன்று மட்டும் பிழை என்று அதற்கு எவ்வாறு தெரிகிறது? இத்துறையின் உயிர்நாடியான வினா இதுவே.

நொதி இழையைத் தழுவி வழுக்கிச் செல்கிறது. செல்லும்போதே முதுகிழையை மெல்ல நெருக்குகிறது. பழுதுற்ற இணை பெரும்பாலும் தளர்வாகவே நிற்கும். அது நெகிழ்ந்து, எழுத்து வெளிப்புறமாகத் திரும்பி நொதியின் குழிவுக்குள் சென்று அமர்கிறது. உள்ளே விட்டுச் சென்ற இடத்தை நொதியின் லியூசின் பக்கச் சங்கிலி ஒன்று ஆப்புப் போல் நுழைந்து தாங்கிக்கொள்கிறது. யுராசில் நொதியின் மனித வடிவம் இவ்வாறு எழுத்தை வெளியே திருப்பிப் பிடித்திருக்கும் நிலையை ஜான் டெய்னர் உள்ளிட்ட குழுவினர் 1996இல் படிக ஆய்வால் காட்டினர். பாக்டீரியாவின் நொதியும் மனிதனின் நொதியும் இதில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை.

குழிவின் அமைப்பே தீர்ப்பு வழங்குகிறது. தைமின் உள்ளே வர முயன்றால் அதன் மீத்தைல் தொகுதி வாயிலில் நிற்கும் டைரோசின் மீது இடித்துக்கொள்ளும். சைட்டோசின் வந்தால் அதன் விளிம்பு உள்ளிருக்கும் அஸ்பராஜினோடு கைகோக்க இயலாமல் போகும். யுராசில் மட்டுமே இரண்டையும் கடக்கும். 1996இல் நார்வே நாட்டு ஆய்வாளர் இதனைச் சோதித்தறிந்தனர். அந்த டைரோசினை மாற்றியபோது நொதி நல்ல தைமினையும் அறுத்தெறிந்தது. அஸ்பராஜினை மாற்றியபோது நல்ல சைட்டோசினையும் அறுத்தது. ஓர் அமினோ அமிலம் மாறியதும் திருத்துநரே நூலைக் கெடுப்பவராகிவிடுகிறார். அறியாத திருத்துநர், பிழையினும் கொடியவர் என்பதைச் சுவடி பதிப்பித்தோர் நன்கறிவர்.

துருப்பிடித்த குவானினும் மூவர் காவலும்

நீர் மட்டுமன்று, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் ஏட்டை அரிக்கிறது. உயிரணு ஆற்றல் பெறும் வேளையில் வெளிப்படும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்கள் குவானினைத் தாக்கி, அதனை 8-ஆக்சோகுவானின் ஆக்குகின்றன. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி கசாயும் சுசுமு நிஷிமுராவும் 1984இல் இதனை வெளிப்படுத்தினர். இதன் கேடு அதன் இரு முகங்களில் உள்ளது. ஒரு முகத்தால் முறைப்படி சைட்டோசினோடு சேரும். திரும்பி நின்றால் அடினினோடு சேரும். அவ்வாறு சேர்ந்து மேலும் ஒருமுறை படியெடுக்கப்பட்டால், குவானின் இருந்த இடத்தில் தைமின் நிலைத்துவிடும்.

இதற்கெதிராக ஈ.கோலி மூன்று காவலரை நிறுத்தியுள்ளது. முதலாவது மியூட்-டி. படியெடுப்பதற்காக உயிரணுவில் மிதந்துகொண்டிருக்கும் தனி எழுத்துகளில் துருப்பிடித்தவற்றை இது முன்கூட்டியே பயனற்றவை ஆக்கிவிடுகிறது. எழுதுமுன் மைக்கூட்டிலேயே கசடு நீக்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

இரண்டாவது மியூட்-எம். இந்நொதியைப் பழுதுற்ற வேறொரு குவானினை நீக்குவதாக 1979இல் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த கிறிஸ்டோபர் செட்சங்காவும் லிண்டாலும் கண்டறிந்திருந்தனர். 8-ஆக்சோகுவானினே அதன் முதன்மை இலக்கு என்பது பின்னர் விளங்கியது. சைட்டோசினுக்கு எதிரே நிற்கும் துருப்பிடித்த குவானினை இது வெட்டியெடுக்கும். எதிரிழையைப் பார்த்து நல்ல குவானின் அமர்த்தப்படும்.

மூன்றாவதான மியூட்-ஒய் ஒரு விந்தை. மில்லரின் குழு 1988இல் இம்மரபணுவை இனங்கண்டது. துருப்பிடித்த குவானினுக்கு எதிரே அடினின் வந்து அமர்ந்துவிட்டால், இந்நொதி பழுதான எழுத்தைத் தொடுவதில்லை. பழுதே இல்லாத அடினினை நீக்குகிறது! மேலோட்டமாக நோக்குவோருக்கு இது அநீதியாகத் தோன்றும். ஆனால் அந்நிலையில் பழுதான குவானினை வெட்டியிருந்தால், எதிரே நிற்கும் அடினினைப் பார்த்துத் தைமின் அமர்த்தப்பட்டிருக்கும். திருத்தத்தின் பெயராலேயே பிழை நிலைபெற்றிருக்கும். அடினினை நீக்கினால் அவ்விடத்தில் சைட்டோசின் வர வாய்ப்புண்டு. வந்தபின் மியூட்-எம் தன் பணியைச் செய்யும். அடினின் எதிரே நிற்கும்போது மியூட்-எம் பெரும்பாலும் கைவைக்காமல் ஒதுங்கி நிற்பதும் இவ்வொழுங்கின் பகுதியே.

ஆகவே மியூட்-ஒய் ஆராய்வது எது சிதைந்தது என்பதை அன்று. எது பின்னர் வந்து சேர்ந்தது என்பதை. மூலப்பிரதியின் மங்கிய எழுத்து, படியெடுத்தவரின் தெளிவான தவறான எழுத்தைவிட மதிப்புடையது என்பது சுவடி ஆய்விலும் அடிப்படைப் பாடம். இவ்விரு நொதிகளில் ஒன்று மட்டும் குறைந்தால் ஈ.கோலி ஓரளவு சமாளிக்கும். இரண்டும் இல்லையெனில் பிழைகள், தனித்தனியே இழந்தபோது நேர்ந்தவற்றைக் காட்டிலும் பன்மடங்காகப் பெருகுகின்றன.

தன்னை ஈந்து திருத்துவோர்

எல்லாத் திருத்தமும் வெட்டி எடுப்பதன்று. சில வேதிப்பொருள்கள் எழுத்துகளின்மீது மீத்தைல் தொகுதியை ஒட்டவைத்துவிடும். 1977இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்ஸும், அத்தகைய நஞ்சைச் சிற்றளவில் முன்கூட்டிப் பெற்ற ஈ.கோலி, பின்னர் பேரளவையும் தாங்கிக்கொள்வதைக் கண்டனர். இதற்கு மூலமான அடா என்னும் புரதம் குவானின்மீது ஒட்டிய மீத்தைலைப் பறித்துத் தன் உடலிலுள்ள சிஸ்டீனின்மேல் ஏற்றிக்கொள்கிறது. எழுத்து தூய்மையாகிறது, ஆனால் ஏற்ற சுமையை அப்புரதத்தால் இறக்கிவைக்க இயலாது. ஒரு பிழைக்கு ஒரு புரதம் என்பதே அங்கே விலை. முதுகிழையின் பாஸ்பேட்டிலிருந்தும் அது மீத்தைலை ஏற்கும்; அவ்வாறு ஏற்ற அடா, மேலும் திருத்துநரை உண்டாக்குமாறு மரபணுக்களைத் தூண்டும். அவற்றுள் ஒன்றான ஆல்க்-பி, இரும்பின் துணையோடு மீத்தைலை ஆக்சிஜனேற்றம் செய்து ஃபார்மால்டிஹைடாக வெளியேற்றுகிறது என்பதை 2002இல் இரு குழுக்கள் நிறுவின.

சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் அடுத்தடுத்த இரு தைமின்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அவ்வாறு தாக்குண்ட நுண்ணுயிர்கள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் வைத்தால் பிழைத்துக்கொள்வதை ஆல்பர்ட் கெல்னர் 1949இல் கண்டார். ஒட்டிய எழுத்துகளை நீல ஒளியின் ஆற்றலால் பிரித்துவிடும் ஃபோட்டோலையேஸ் நொதியே அதற்குக் காரணம். இந்நொதியைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அஸீஸ் சன்ஜார். அவர் 1946இல் துருக்கியின் மார்தின் மாகாணத்துச் சவூர் என்னும் சிற்றூரில், தாங்கள் எழுத்தறியாவிடினும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோருக்குப் பிறந்தார். இஸ்தான்புல்லில் மருத்துவம் பயின்று சொந்த ஊர்ப் பக்கம் மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே அமெரிக்காவுக்கு ஆய்வு செய்யச் சென்றார். ஒளியின் துணையின்றி இருளிலும் பணியாற்றும் மற்றொரு பாக்டீரியத் திருத்த அமைப்பு, பழுதின் இருபுறமும் வெட்டி 12 அல்லது 13 எழுத்துகள் கொண்ட துண்டை அகற்றுவதை 1983இல் காட்டியவரும் அவரே. மனிதரிடம் ஃபோட்டோலையேஸ் இல்லை. துண்டாக வெட்டும் முறையையே நம் தோல் நம்பியிருக்கிறது.

குடல் பாக்டீரியாவிலிருந்து குடல் நோய்க்கு

இனி நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில், பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த சவூதி அரேபியாவைச் சேர்ந்த நாதா அல்-தஸ்ஸானும் அவர்தம் குழுவினரும் ஒரே குடும்பத்து மூவரின் குடல் கட்டிகளை ஆராய்ந்தனர். குடல் பாலிப் நோய்க்கு அதுவரை அறிந்திருந்த மரபணுவில் அம்மூவருக்கும் பிறவிப் பிழை இருக்கவில்லை. ஆனால் கட்டிகளுக்குள் எழுந்திருந்த புதிய பிழைகளில் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. குவானின் இருந்த இடத்தில் தைமின் என்னும் ஒரே வகை மாற்றம் மீண்டும் மீண்டும் வந்திருந்தது.

பிழையின் போக்கைப் பார்த்து எழுதியவரை அடையாளம் காண்பது சுவடி ஆய்வாளரின் கலை. இங்கேயும் அதுவே நிகழ்ந்தது. மியூட்-ஒய் இழந்த ஈ.கோலி விட்டுச்செல்லும் கையெழுத்து இது என்பது நுண்ணுயிரியல் நூல்களில் முன்பே பதிவாகியிருந்தது. மனிதரிடம் உள்ள அதே நொதியின் மரபணுவைத் தேடிப் பார்த்தபோது அதன் இரு படிகளும் பழுதாயிருந்தன. 2002இல் இம்முடிவு வெளியானது. தொடர்ந்து வந்த ஆய்வுகளில் பிரிட்டனில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களிலும் இதே மரபணுவில் வேறு பிழைகள் காணப்பட்டன. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ இதன் ஒரு பழுதான படியைச் சுமக்கின்றனர். பாக்டீரியாவின் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தோரின் பொறுமையே ஒரு மனித நோயின் பெயரை நமக்குச் சொல்லித் தந்தது.

திருத்துநரைப் பற்றிய அறிவு வேறொரு விதத்திலும் பயன் தந்துள்ளது. ஒருவகை பாக்டீரிய வைரஸ் தன் டி.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசிலையே வைத்திருக்கிறது. ஓம்பும் பாக்டீரியாவின் யுராசில் நொதி தன் நூலைத் துண்டாடிவிடாதிருக்க, அந்நொதியின் வாயை அடைக்கும் சிறு புரதம் ஒன்றை அது ஆக்குகிறது. 2016இல் ஹார்வர்டின் டேவிட் லியூ குழுவினர், மரபெழுத்தை மாற்றும் தங்கள் கருவியில் இப்புரதத்தையும் இணைத்தனர். அவர்கள் வேண்டுமென்றே சைட்டோசினை யுராசிலாக்கினர். திருத்துநர் விழித்திருந்தால் அம்மாற்றம் அழிக்கப்பட்டிருக்கும். இவ்வழியில் மாற்றியமைத்த நோயெதிர்ப்பு உயிரணுக்கள் 2022இல் லண்டனில், வேறு சிகிச்சைகளுக்கு மசியாத இரத்தப் புற்று கொண்ட 13 வயதுச் சிறுமி ஒருவருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டன, நோயும் தணிந்தது.

மாணவருக்குச் சொன்ன விடை

படித்தறிந்தபின் நம் மாணவரை அழைத்துப் பேசினோம். இந்நோய் வருவதற்குத் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் இரண்டுமே பழுதாயிருக்க வேண்டும். ஒரு நல்ல படி இருந்தாலும் திருத்தம் பெரும்பாலும் நடைபெற்றுவிடும். ஆகவேதான் பெற்றோர் நலமாயிருந்தனர். அவ்விருவரும் ஆளுக்கொரு பழுதான படியைச் சுமந்திருந்ததால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டையும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கொலோனோஸ்கோபி எனும் குடல் உள்நோக்கிச் சோதனையை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் செய்து, பாலிப்புகளைத் தொடக்கத்திலேயே அகற்றினால் பெரும்பாலும் புற்றைத் தடுக்கலாம். தங்கைக்கு அது இன்னும் புற்றாக மாறவில்லை என்பதால், அவருக்கு இவ்வறிவு உயிர் காக்கும் அறிவு.

அவர் சொல்லத் தயங்கிய மற்றொன்றும் இருந்தது. தம் மகளை அத்தங்கையின் மகனுக்கே பேசி முடித்திருந்தார். தமிழகத்தில் பல சமூகங்களிலும் உள்ளது போல் நம் குடும்பங்களிலும் இம்முறைத் திருமணங்கள் உறவை வளர்த்து வந்துள்ளன. ஆயினும் ஒரே முன்னோரின் ஏட்டிலிருந்து படியெடுத்த இருவர் இணையும்போது ஒரே பிழையை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரு படிகளும் பழுதான தாயின் மகன் ஒரு பழுதான படியை உறுதியாகச் சுமப்பான். மகளும் சுமக்கிறாளா என்பது தந்தையின் சோதனையைப் பொறுத்தது; அவரிடம் பழுது இருந்தால் மகளிடம் இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகளிடம் இல்லையெனில் பேரக்குழந்தைகளுக்கு இந்நோய் பற்றிய அச்சமே வேண்டியதில்லை. "சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை, முதலில் இரத்தச் சோதனை செய்து, மரபியல் ஆலோசகர் ஒருவரைக் கண்டு பேசுங்கள்" என்றோம்.

அவர் சோதனை செய்துகொண்டார், மகளும் செய்துகொண்டாள். முடிவு அவர்களுடைய அமானிதம். அதனை இங்கே எழுதுவது முறையன்று. அறிந்து, கலந்து, அவர்களே முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் போதும்.

கல்லெழுத்து உவமையை அன்றோடு நாம் கைவிட்டோம். இப்போது வகுப்பில், விளிம்பு அரிக்கப்பட்டு மை மங்கி, ஆயினும் வரிதோறும் ஓரத்தில் திருத்தக் குறிப்புகள் நிறைந்த பழைய கையெழுத்துப் பிரதியைக் காட்டுகிறோம். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இருப்பது அத்தகைய ஏடுதான். அது பிழைபடாததால் நம்மை வந்தடையவில்லை. திருத்துவோர் ஒரு நாளும் அயராததாலேயே வந்தடைந்தது.